ஜான்சிக்குத் தெற்கே கடல்: தில்லித் தமிழ்ப் பிள்ளைகளின் விடுமுறை நினைவுகள்

1956 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அரசு ஊழியர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர, ரயில் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே தரும் என்பது அதன் சாரம். குழந்தைகளை நினைத்தோ கடலை நினைத்தோ எழுதப்பட்ட ஆணை அன்று அது. ஆனாலும் சாணக்யபுரியின் அரசுக் குடியிருப்புகளிலும், அதை ஒட்டிய மோதிபாக், நேதாஜி நகர், சரோஜினி நகர் வீடுகளிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் கடலை முதன்முதலாகப் பார்த்தது அந்த ஆணையின் புண்ணியத்தில்தான். அந்த விடுப்புப் பயணச் சலுகையைக் குறித்த எல்.டி.சி. என்ற மூன்றெழுத்தின் விரிவு எங்களுக்குத் தெரியாது. "இந்த வருஷம் எல்.டி.சி. உண்டா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டால், அதற்குக் கடல் உண்டா என்று அர்த்தம். அது மட்டும் தெரியும்.

தில்லியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்தான். மே மாத அனல்காற்றில் ஜன்னலை அடைத்து, வெட்டிவேர்த் தட்டி கட்டிய கூலருக்கு முன் படுத்துக் கிடக்கும் பிள்ளைக்குக் கடல் என்பது புவியியல் புத்தகத்து நீல நிறம். அந்த நீலம் எப்படி ஒரு நினைவாகிறது, அதை உண்டாக்குவது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கடற்கரை நினைவை நாம் வழக்கமாகத் தனிமனிதரின் சொத்தாகப் பேசுகிறோம். அப்பாவின் கை, அம்மாவின் நனைந்த புடவைத் தலைப்பு, நம் காலடியில் நழுவிய மணல் என்று அது அந்தரங்கமாகவே தோன்றுகிறது. தில்லித் தமிழரின் அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அந்த அந்தரங்கத்துக்கு அடியில் ஒரு விதி, ஒரு ரயில், ஒரு காலனி மூன்றும் இருந்தன. அவை இல்லாத குழந்தைக்கு அந்த நினைவும் இல்லை.

முதலில் விதி. தொடக்க கால ஏற்பாட்டில் ஊழியர் முதல் 400 கி.மீ. தூரத்துக்கான கட்டணத்தைத் தாமே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தூரத்துக்குத்தான் அரசு உதவி. தில்லியிலிருந்து தெற்கே போகும் பாதையில் 400 கி.மீ. என்பது ஏறக்குறைய ஜான்சி. ஜான்சி வரை அப்பாவின் சம்பளம், அதற்குத் தெற்கே சர்க்கார். நான்காம் நிலை ஊழியர்களுக்கு அந்த வரம்பு 160 கி.மீ. ஆக இருந்தது, அவர்கள் மதுராவைத் தாண்டிச் சற்று தூரம் போனதுமே சர்க்கார் பொறுப்பேற்றுக்கொண்டது. கடைநிலை ஊழியரின் பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த ஒரு எண்ணுக்குள் இருந்தது. சமத்துவத்தைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்களைவிட இந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஓர் அமைச்சகத்தின் செயலாளர் வீட்டுப் பிள்ளையும் அதே அமைச்சகத்தில் கோப்பு சுமக்கும் தப்தரியின் பிள்ளையும் ஒரே கோடையில், வேறு வேறு பெட்டிகளில், ஒரே கடலுக்குப் போக அது வழி செய்தது.

பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் போகலாம் என்ற வசதியும் சேர்ந்தது. 1988இல் வகுக்கப்பட்ட விதிகளில் இரண்டும் இடம்பெற்றன. ராமேசுவரமும் கன்னியாகுமரியும் புரியும் கோவாவும் காலனிப் பேச்சில் அடிபட ஆரம்பித்தது அந்த வசதியால். ஆனால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் கடல் மெரினாதான். சொந்த ஊர் கும்பகோணமானாலும் பாளையங்கோட்டையானாலும் வடக்கிலிருந்து வரும் ரயில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். எழும்பூரில் அடுத்த வண்டி ஏறுவதற்குள் ஒரு நாளாவது கிடைக்கும். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஓர் அத்தை வீடு இருக்கும்.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தில்லிப் பிள்ளையின் நினைவில் கடல் ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929 ஜனவரியில் ஓடத் தொடங்கியபோது பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே போனது; பிறகே தில்லி–சென்னை வண்டியாக நிலைத்தது. எல்லோருக்கும் அது ஜி.டி. 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. ஏறத்தாழ 2,180 கி.மீ. தூரம், இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும். அடுத்த ஆண்டே, 1977 பிப்ரவரியில், சாணக்யபுரியில் ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஊருக்குப் போக முடியாத கோடையில் எங்களை அங்கே கூட்டிப்போவார்கள். 1855இல் செய்யப்பட்ட ஃபேரி குவீன் இன்ஜினைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கான சின்ன ரயிலில் ஒரு சுற்று வருவோம். அந்த ரயில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும் என்பதில் எனக்கு அப்போது தீராத மனக்குறை.

பெரிய ரயிலில் மூட்டைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஹோல்டால் மேல் பலகையில். தண்ணீர்க் கூஜா ஜன்னலோரம், சங்கிலிபோட்டு. எவர்சில்வர் தூக்கில் முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மூன்றாம் வேளைக்குத் தயிர்சாதம் என்று கெட்டுப்போகும் வரிசையைக் கணக்கிட்டுக் கட்டியிருப்பார்கள். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தால் கரித்தூள் கண்ணில் விழும். அப்பா வேட்டி நுனியைச் சுருட்டி ஊதி ஒற்றியெடுப்பார். நாக்பூரில் ஆரஞ்சு. பல்லார்ஷாவைத் தாண்டியதும் காற்றின் வறட்சி மாறும். விஜயவாடாவைத் தாண்டியதும் கிருஷ்ணா பாலத்தில் பெட்டி தடதடக்கும்போது பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசு எறிவார்கள். கூடூர் தாண்டினால் பனைமரங்கள் நெருக்கமாகும். பக்கத்துப் பெட்டியில் யாரோ தமிழில் சண்டை போடுவது கேட்கும். அது போதும், ஊர் வந்துவிட்டதென்று தெரிந்துவிடும்.

மெரினாவில் பகல் பொழுதில் யாரும் பிள்ளைகளை விடமாட்டார்கள். மே மாதத்தில் கடற்காற்று பகல் பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் கரைக்குள் நுழையும். மேற்குக் காற்று வலுத்த நாளில் நேரமாகும், சில நாள் வராமலே ஏமாற்றும். "காத்து வரட்டும், போலாம்" என்று அத்தை சொல்வார். தில்லியில் காற்று வந்தால் கதவைச் சாத்துவோம். இங்கே காற்றுக்காகத் திண்ணையில் காத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு வியப்பு. ஐந்து மணிக்குக் கிளம்பினால் மணலைக் கடக்கவே வெகுநேரம் ஆகும். அந்த அகலமான மணல் ஆதியில் இருந்ததில்லை என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழும்பியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோரம் உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். ஓர் ஊரின் பிள்ளைகள் ஓடி விளையாடிய மணல், இன்னோர் ஊரின் மீனவர் இழந்த கரை. விடுமுறைக் கடலைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதக் கூடாதென்று நினைக்கிறேன்.

முதல் அலை காலைத் தொட்ட கணம் எனக்கு நினைவிருக்கிறது. அலை வந்ததைவிட அது திரும்பியதுதான் பயமுறுத்தியது. குதிகாலுக்கு அடியிலிருந்த மணலை அலை இழுத்துக்கொண்டு போக, நான் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றிக் கத்தினேன். சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாதே, தூரத்துல கப்பலைப் பாரு, நிலையா நிக்கலாம்" என்றார். கரையில் பிறந்த என் அத்தை பிள்ளைகளுக்கு இந்தக் கூத்தெல்லாம் சிரிப்பு. அவர்கள் மணலில் வளை தோண்டும் நண்டைத் துரத்திப் பிடிப்பார்கள்; காகிதப் பொட்டலத்தில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை வாங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். "ஏன்டா, உங்க ஊர்ல கடலே கிடையாதாமே?" என்று மூத்தவன் கேட்டான். உண்மையான இரக்கத்தோடு கேட்டான். இருட்டிய பிறகும் எங்களை அங்கிருந்து கிளப்ப முடியாது. வெயில் நகரத்துக்குப் பின்னால் இறங்கிவிட, கடல் முதலில் சாம்பலாகி, பிறகு ஓசை மட்டுமாக மிஞ்சும்.

இந்த நினைவு எப்படி நிலைத்தது? பிரெஞ்சு சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில், தனிமனிதரின் நினைவும் அவர் சார்ந்த குழுவின் சட்டகத்துக்குள்தான் நிற்கிறது என்று வாதிட்டார். அமெரிக்க உளவியலாளர் ராபின் ஃபிவுஷ் பெற்றோரும் சிறு குழந்தைகளும் கடந்ததைப் பற்றிப் பேசும் பேச்சை நெடுங்காலம் ஆராய்ந்தவர். நடந்ததை விரிவாக, கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதோடு ஒன்றைக் கூட்டிப் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தம் கடந்த காலத்தைச் செழுமையாக நினைவுகூர்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகளின் முடிவு. தில்லிக் காலனிகளில் இவ்விரண்டும் சேர்ந்தே நடந்தன. ஜூலையில் பள்ளி திறக்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தொடங்கப்பட்டது. அதன் ஏழு பள்ளிகளில் மோதிபாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம் மூன்றும் சாணக்யபுரிக்கு அக்கம்பக்கம். வகுப்பில் பாதிப் பேர் அதே ரயிலில் போய் அதே ரயிலில் வந்தவர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிளிஞ்சல் கொண்டுவந்தவன், கடல் தண்ணீரைக் கொண்டுவந்து நாறவிட்டவன், குதிரையேறி விழுந்தவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. ஒருவர் கதையில் விட்டுப்போனதை இன்னொருவர் நிரப்புவார். அந்த ஆண்டு போகாதவனும் கேட்டுக் கேட்டு போனவனாகிவிடுவான். சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும், கலங்கரை விளக்கத்தை நான் பார்த்தேனா, பார்த்ததாகச் சொன்ன தோழியிடமிருந்து எடுத்துக்கொண்டேனா என்று. ஹால்ப்வாக்ஸின் கண்ணால் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. நினைவு எங்கள் வகுப்புக்குச் சொந்தம்.

ஐரோப்பாவில் நகரத்துப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போன கதை வேறு வழியாக நடந்தது. 1876இல் சூரிச் நகரத்துப் பாதிரியார் ஹெர்மன் வால்டர் பியோன் ஏழைக் குழந்தைகள் 68 பேரை அப்பென்ட்செல் மலைப்பகுதிக்கு விடுமுறைக்கு அழைத்துப்போனார். பிரான்சில் அந்த எண்ணம் பெரும் இயக்கமாக வளர்ந்து, நகராட்சிகளும் தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் கடலோரத்திலும் மலையிலும் குழந்தைகளுக்கு முகாம் நடத்தின. காசநோயும் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயும் நகரத்துப் பிள்ளைகளை வாட்டிய காலம். கடற்காற்றை அங்கே மருந்தாகவே கொடுத்தார்கள். இங்கிலாந்தில் பில்லி பட்லின் 1936இல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் திறந்தார். 1938இல் ஊதியத்தோடு கூடிய விடுப்புச் சட்டம் வந்தது. தொழிலாளி குடும்பங்கள் ஒரு வாரமாவது கடலுக்குப் போவது போருக்குப் பிறகு பொது வழக்கமாயிற்று. அந்த நாட்டில் முதியவர்கள் முகாம் நினைவுகளைப் பேசும்போது ஒலிபெருக்கியில் எழுப்பிய காலைகளையும் மழையில் நடந்த போட்டிகளையும் சொல்கிறார்கள். அங்கும் அந்தரங்க நினைவுக்கு அடியில் ஒரு சட்டம் இருக்கிறது.

நம் நாட்டிலும் முகாம் வழி இருந்ததுண்டு. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு விடுமுறை முகாம் நடத்தும் தொண்டு அமைப்புகளுக்குப் பண உதவி தந்தது. ரயில்வே தன் ஊழியர் நல நிதியிலிருந்து ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முகாம்கள் நடத்துகிறது. சாணக்யபுரியிலேயே, நியாய மார்கில், இந்திய இளைஞர் விடுதிகள் சங்கத்தின் தலைமையகமும் விடுதியும் இருக்கின்றன. 1909இல் ஜெர்மனியில் மாணவர்களோடு நடைப்பயணம் போய், இடிமழையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இரவைக் கழித்த ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் கண்ட கனவின் இந்தியக் கிளை அது. வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தலைநகரைப் பார்க்க வந்து அங்கே தங்குவார்கள். அங்கிருந்து திட்டமிடப்படும் கோவா கடற்கரை நடைப்பயணங்களுக்கும் குடும்ப முகாம்களுக்கும் நாடெங்குமிருந்து ஆள் சேருகிறார்கள்.

அந்த முகாம்களுக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் விவரங்களில் ஒரு தனி ருசி உண்டு. தார்ப்பாய்க் கூடாரத்தில் வரிசையாகப் படுக்கை. தட்டும் தம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும், அவரவரே கழுவ வேண்டும். காலையில் வரிசையில் நின்று மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரவு பாட்டும் ஆட்டமும் முடிந்ததும் ஆளுக்கொரு தம்ளர் போர்ன்விட்டா. கடலில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. அத்தை வீட்டுக் கடலில் குழந்தை உறவுக்குள் இருக்கிறது. முகாம் கடலில் முன்பின் தெரியாத பிள்ளையோடு ஒரே வாளித் தண்ணீரைப் பகிர்ந்துகொள்கிறது. இரண்டாவதன் அருமையை நம் சமூகம் போதுமான அளவு உணரவில்லை என்பது என் கருத்து. சாதியும் உறவும் தீர்மானிக்கும் விருந்தோம்பலுக்கு வெளியே ஒரு குழந்தை கடலைப் பார்ப்பது பெரிய விஷயம். தில்லித் தமிழ்க் குடும்பங்கள், எங்கள் குடும்பம் உட்பட, நியாய மார்குக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அந்த வழியை அதிகம் நாடவில்லை. ஊர் இருக்கிறது, அத்தை இருக்கிறார், எல்.டி.சி. இருக்கிறது என்ற நிறைவு.

அந்த நிறைவுதான் ஒரு பெரிய விடுபடலை எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. சாணக்யபுரிக்குள்ளேயே தூதரகச் சுவர்களுக்குப் பின்னால் சஞ்சய் கேம்ப், விவேகானந்த் கேம்ப் என்ற குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் வீட்டுவேலை, தோட்டவேலை, டிரைவர் வேலை என்று இந்தப் பகுதியின் அன்றாடத்தைச் சுமப்பவர்கள். அவர்களுக்கும் சொந்த ஊர் உண்டு. பயணச் சலுகை கிடையாது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவின் மகளும் நானும் ஒரே வயது. ஒரு ஜூலையில் நான் அவளுக்குச் சில கிளிஞ்சல்களைக் கொடுத்தேன். அவள் அவற்றைக் காதில் வைத்துப் பார்த்தாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடல் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். இந்தியா கேட் புல்வெளியைச் சொன்னேன், அதைவிடப் பெரிது என்றேன். அவளுக்குத் தர என்னிடம் அதற்கு மேல் இல்லை. அரசு ஊழியரின் குழந்தைக்குக் கிடைத்த கடல் அரசு ஊழியரின் வீட்டில் வேலை செய்தவரின் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. மதுராவுக்கும் ஜான்சிக்கும் இடையே அத்தனை கவனமாகக் கோடு கிழித்த விதி, தன் வாசலுக்கு வெளியே நின்றவர்களை எண்ணவே இல்லை.

இப்போது உள்ளே இருந்தவர்களின் சட்டகமும் கலைந்துகொண்டிருக்கிறது. 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மறுகட்டுமானத் திட்டத்தில் நேதாஜி நகர், நௌரோஜி நகர், சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகள் சேர்ந்தன. இரண்டு மாடி மஞ்சள் வீடுகளும், அவற்றுக்கு நடுவே நாங்கள் கதை பேசிய பொதுப் புல்வெளியும் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. பழைய காலனித் தோழர்கள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விமானத்தில் போய், விடுதிக்கே சொந்தமான கடற்கரையில் இறங்கி, நீச்சல் குளத்திலும் குளிக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போய்வந்த பிறகு அதே கடலைப் பார்த்த முப்பது பேர் அவர்கள் வகுப்பில் இல்லை. செல்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன, அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க யாராவது வேண்டும்.

கடலைப் பற்றிய பேச்சும் மாறியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை மெரினாவில் நடக்கப் போனவர்களும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் மீனவக் குப்பத்து மக்களும் ஆழிப்பேரலையில் மாண்டார்கள். அதற்குப் பிறகு சென்னையில் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் எந்த அம்மாவும் பழைய அம்மா இல்லை. அலையில்லாத நாளிலும் மெரினாவின் அடியிழுப்பு ஆளை வாரிக்கொள்ளும். குளிக்கத் தடை இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் இறக்கிறார்கள். வெளியூர்க் குழந்தைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதென்றால் அந்தக் கரையை அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் அப்படி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுத்து முகாமின் காவலராகவும் ஆசிரியராகவும் வைத்துக்கொள்ளலாம். நண்டின் வளை எந்தப் பக்கம் திறக்கும், எந்த மாதம் எந்தக் காற்று, வலையில் எந்த மீன் என்று அவர்கள் சொல்லிக் கேட்கும் குழந்தைக்குக் கிடைப்பது வெறும் உல்லாசக் கடலாக இருக்காது.

இதற்குத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் நம்மிடம் இருக்கின்றன. புரியில் கடற்கரையை ஒட்டியும், பணஜியில் மீராமாரிலும், புதுச்சேரியில் சோலை நகரிலும் இளைஞர் விடுதிகள் பொதுப் பணத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிறது. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலா போக இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை ரயில்வே விதிகளில் உண்டு. நகரத்துக் குடிசைப் பகுதிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சலுகையை நீட்டிக்கலாம். தங்குவதற்கு இந்த விடுதிகளைக் கோடையில் சில வாரம் ஒதுக்கலாம். கூட்டிப்போகும் ஆசிரியருக்கு அந்த நாட்களைப் பணிநாளாகக் கணக்கிடலாம். 1956இல் ஒரு குறிப்பாணை போதுமானதாக இருந்தது. சஞ்சய் கேம்ப்பின் ஐந்தாம் வகுப்பிலிருந்து முதல் வண்டியை ஏற்றலாம். அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாக அனுப்பாமல் வகுப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும், திரும்பி வந்த வாரத்தில் அவர்கள் பேசிக்கொள்ளப் பள்ளியில் நேரம் ஒதுக்க வேண்டும்.